ஐந்தாவது தந்தி அவசியமா? பேஸ் கிடார் வாங்கப் போகும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஔந்த், பாணேர், பாஷாண் பகுதிகளில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஏதேனும் ஓர் இசை வகுப்புக்குப் போகாத பிள்ளையைக் காண்பது அரிது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு என்றிருந்த வரிசையில் இப்போது பேஸ் கிடாரும் வந்து சேர்ந்திருக்கிறது. 2010-இல் புனேயில் தொடங்கிய என்.எச்.7 வீக்கெண்டர் போன்ற இசை விழாக்களைப் பார்த்த பிள்ளைகள், "எனக்கு ஐந்து தந்தி பேஸ்தான் வேண்டும்" என்று வீட்டில் கேட்கிறார்கள். கடையில் விசாரித்தால், அதே கம்பெனியின் நான்கு தந்திக் கருவியை விட விலை கூடுதல். ஒரே ஒரு தந்திக்காக ஏன் இவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. அந்தத் தந்தி யாருக்கு உதவும், யாருக்கு வீண் செலவு என்பதை நமக்குப் பழக்கமான சுருதிக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

பேஸ் கிடாரின் வேலை என்ன?

பாட்டுக்குத் தம்புரா எப்படி ஆதாரமோ, மெல்லிசைக்குப் பேஸ் அப்படி. ஒரு வேற்றுமை உண்டு. தம்புரா ஒரே சுருதியில் நிற்கும். பேஸ் பாட்டோடு நகரும். தாளத்தையும் சுருதியையும் ஒரே கையில் பிடித்திருப்பது அது. இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். இவர்கள் பெயரை அறியாதவர்களும் இவர்கள் வாசிப்பை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது சரிப்படுமா என்று கேட்போருக்கு ரஹ்மானுடன் மேடையேறிய மும்பைப் பெண் மோகினி டே நல்ல பதில்.

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் இன்றைய பேஸ் கிடாருக்கு முன்மாதிரி. அதற்கு நான்கு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி. 1965-இல் அதே கம்பெனி ஐந்து தந்தி பேஸ் ஒன்றைக் கொண்டு வந்தது. ஆனால் அதில் கூடுதல் தந்தி மேல் ஸ்தாயிக்காகச் சேர்க்கப்பட்டது. இன்று நாம் ஐந்து தந்தி என்று சொல்வது வேறு; அதில் ஐந்தாவது தந்தி எல்லாவற்றிலும் கீழான 'பி'. 1970-களின் நடுவில் தனி ஆர்டரின் பேரில் செய்யப்பட்ட இவ்வகைக் கருவி, 1980-களில்தான் பெரிய கம்பெனிகளின் பட்டியலில் இடம் பெற்றது. ஆகவே அதற்கு முந்தைய திரைப்பாடல்களை வாசிக்க ஐந்தாவது தந்தி இல்லாமல் முடியாது என்பதில்லை. அவை பெரும்பாலும் நான்கு தந்தியில் உருவானவை.

கட்டைக் கணக்கு

நான்கு தந்தி பேஸின் மிகக் கீழான ஒலி 'ஈ'. அது வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். நம் கணக்கில் 'ஈ' என்பது 3 கட்டை. ஐந்தாவது தந்தியான 'பி' ஏறத்தாழ 31 அதிர்வுகள். அது 7 கட்டையின் கீழ் ஸ்தாயி. எனவே ஐந்தாவது தந்தியால் புதிதாகக் கிடைப்பவை ஐந்தே ஐந்து ஸ்வரங்கள்: 7, 1, 1½, 2, 2½ கட்டைகளின் அடி ஷட்ஜங்கள்.

இந்த ஐந்தும் யாருக்கு வேண்டியவை என்று பாருங்கள். பொதுவாக ஆண்கள் பாடுவது 1 முதல் 2½ கட்டைக்குள். உங்கள் வீட்டுப் பையனோ அவனுடைய நண்பனோ 1 கட்டையில் ஒரு பாட்டைப் பாடினால், நான்கு தந்தி பேஸில் ஷட்ஜத்துக்குக் கீழே இறங்கிப் பஞ்சமத்தைப் பிடிக்கலாம். மத்திமத்தையும் அந்தர காந்தாரத்தையும் தொடலாம். அதற்குக் கீழே இருக்கும் ஷட்ஜம் மட்டும் கிடைக்காது. பல்லவி முடிந்து எல்லோரும் ஷட்ஜத்தில் வந்து இறங்கும் இடத்தில், பேஸ் மட்டும் ஒரு ஸ்தாயி மேலேயே நின்றுவிடும். ஐந்தாவது தந்தி இருந்தால் அங்கே தரை வரை இறங்கலாம்.

மாறாக, பெண்கள் பெரும்பாலும் 4½ முதல் 6 கட்டைக்குள் பாடுகிறார்கள். 5 கட்டை என்பது 'ஜி'. அதன் அடி ஷட்ஜம் நான்கு தந்தி பேஸிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் மகளும் அவள் தோழியரும் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு நான்கு தந்தியே பெரும்பாலும் போதும்.

இது பொது விதிதான். திரைப்பாடல்கள் பாடகரின் சொந்தச் சுருதியிலேயே அமைவதில்லை. இடையில் சுருதி மாறும் பாடல்களும் உண்டு. அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளை அடுத்த ஓராண்டில் வாசிக்க விரும்பும் பத்துப் பாடல்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டையைக் குறித்துக் கொள்ளுங்கள். 7, 1, 1½, 2, 2½ என்பவை பத்தில் ஐந்துக்கு மேல் வந்தால் ஐந்து தந்தி வாங்குவதில் அர்த்தம் உண்டு. இரண்டு மூன்றுதான் வந்தால் நான்கு தந்தியே வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல ஆசிரியருக்குக் கொடுங்கள். அந்த இரண்டு மூன்று பாடல்களுக்காக 'ஈ' தந்தியைச் சற்றுத் தளர்த்தி 'டி'யில் வைத்துக் கொண்டால், 2, 2½ கட்டைகள் செலவின்றியே கிடைத்துவிடும். இசைத் தேர்வு எழுதப் போகும் பிள்ளையானால், பாடப் புத்தகத்தில் 'பி' தந்தி கேட்கப்படுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சிறிய கைகளுக்கு ஓர் ஆதாயம்

வீணையில் மெட்டு என்று சொல்வதைக் கிடாரில் ஃப்ரெட் என்கிறார்கள். வழக்கமான பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட்டின் அகலம் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். ஐந்தாவதைத் தாண்டினால் 36 மில்லிமீட்டர்தான். 'பி' தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் 'ஈ' கிடைத்துவிடும். ஆகவே ஐந்து தந்தி இருப்பவர், விரல்களை அகல விரிக்க வேண்டிய முதல் ஃப்ரெட்டுகளுக்குப் போகாமல், கழுத்தின் நடுப்பகுதியில் கையை வைத்தபடியே பல பாடல்களை வாசித்து முடிக்கலாம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஐந்து தந்திக் கருவியின் கழுத்து அகலமானது. கட்டை விரல் பின்னால் நின்றபடி மற்ற விரல்கள் தடித்த தந்தி வரை எட்ட வேண்டும். எடை பலவற்றில் 4 முதல் 5 கிலோ வரை வருகிறது. வாசிக்காத தந்தி தானாக அதிர்ந்து இரையாதபடி அடக்கி வைக்கவும் பழக வேண்டும். ஐந்தாவது தந்தி வந்ததும் அந்த வேலை கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு தந்தியில் தொடங்குவதே தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது.

தடித்த தந்தியின் சங்கடம்

ஆண் தம்புரா பெண் தம்புராவை விட நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழான ஒலிக்கு நீளம் வேண்டும். இல்லாவிட்டால் தந்தி தடிமனாக வேண்டும். அல்லது தளர்வாக வேண்டும். பேஸ் கிடாரில் நீளத்தை இஷ்டம் போல் கூட்ட முடியாது, கை எட்டாது. ஆகவே 'பி' தந்தியைத் தடிமனாக்குகிறார்கள். 'ஈ' தந்தி 0.105 அங்குலம் என்றால் 'பி' தந்தி 0.130 அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டருக்கும் மேல். மலிவான கருவிகளில் இந்தத் தந்தி துவண்டு, ஸ்வரம் தெளிவில்லாமல் 'பொத் பொத்' என்று கேட்கும். அப்படிப்பட்ட ஐந்தாவது தந்தி இருந்தும் இல்லாதது போலத்தான். சில கம்பெனிகள் நீளத்தை 35 அங்குலமாக்குகின்றன. வேறு சில, ஃப்ரெட்டுகளை விசிறி போல் சாய்த்து, தடித்த தந்திக்கு மட்டும் கூடுதல் நீளம் கொடுக்கின்றன. 34 அங்குலத்திலேயே கழுத்தை உறுதியாகச் செய்து நன்றாக ஒலிக்க வைப்பவர்களும் உண்டு. விளம்பரத்தைப் படித்து இதைத் தீர்மானிக்க முடியாது. காதால் கேட்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. முதலில் ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் 'பி' தந்தியை மீட்டுங்கள். கருவியின் உடம்பு அதிர்வதைக் கையில் உணர வேண்டும்.

2. 'பி' தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டையும் திறந்த 'ஈ' தந்தியையும் மாறி மாறி வாசியுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம். ஒன்று கணீரென்றும் மற்றொன்று மந்தமாகவும் கேட்டால் அடுத்த கருவியைப் பாருங்கள். ஐந்து தந்தி பேஸுக்கு இதுவே முதன்மையான பரீட்சை.

3. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்து, சுருதி சரியாக இருக்கிறதா என்று டியூனரில் பாருங்கள். சிறிய விலகல் என்றால் கடைக்காரரே திருகைத் திருப்பிச் சரி செய்வார். சரி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

4. தோள் பட்டையில் மாட்டி, இரு கைகளையும் எடுத்து விடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால், ஒவ்வொரு நாளும் இடது கை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வரும்.

5. தந்திகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். பிரிட்ஜ் அருகே சிலவற்றில் 16.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 19 மில்லிமீட்டர். சிறிய கைக்கு நெருக்கம் வசதி. கட்டை விரலால் அடித்து வாசிக்க விரும்புவோருக்கு அகலம் வசதி.

6. கருவிக்குள் 9 வோல்ட் பாட்டரி உண்டா என்று கேளுங்கள். இருந்தால், வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கி வைக்க வேண்டும். சொருகியே வைத்திருந்தால் பாட்டரி தீர்ந்து, நிகழ்ச்சியன்று கருவி ஊமையாகிவிடும்.

புனேயில் ஒன்றிரண்டு மாடல்களுக்கு மேல் வாசித்துப் பார்க்கக் கிடைக்காவிட்டால், ஒரு நாள் மும்பைக்குப் போய் வரலாம். 1930 முதல் ஓடும் டெக்கான் குயினில் காலையில் ஏறினால், இறங்கும் நிலையத்திலிருந்து தோபி தலாவ் நடக்கும் தூரம்தான். மேல்நாட்டு இசைக்கருவிகளுக்கு நெடுநாளாகப் பேர் பெற்ற பகுதி அது. தபாலில் வரவழைப்பதானால், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதை எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள்.

அடுக்கு மாடி வீடும் ஆம்ப்ளிஃபயரும்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிடாரில் போட்டுவிடாதீர்கள். பத்துப் பங்கில் ஆறு கிடாருக்கு, மூன்று ஆம்ப்ளிஃபயருக்கு, ஒன்று ஒயர், பை, டியூனர், மாற்றுத் தந்திகளுக்கு என்று வகுத்துக் கொள்வது நல்லது. ஐந்து தந்தி செட் நான்கு தந்தி செட்டை விட விலை அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் 31 அதிர்வுகளை முழுமையாக ஒலிக்க முடியாது. வீட்டில் 'பி' தந்தி மெலிவாகக் கேட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். சாதாரண கிடார் ஆம்ப்ளிஃபயரில் பேஸை இணைத்துச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கெட்டுவிடும். இன்னொன்று: கீழான ஒலி சுவரையும் தளத்தையும் எளிதில் கடந்து போகும். கீழ் வீட்டு ஆஜோபா பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கதவைத் தட்டாமல் இருக்க, ஹெட்போன் வசதியுள்ள சிறு பெட்டியே நமக்கு ஏற்றது. விழா மேடையில் டி.ஐ. பாக்ஸ் வழியாக மண்டபத்து மிக்சரில் இணைத்துவிடலாம். பெரிய பெட்டியைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை.

மழைக்காலக் கவனம்

ஏப்ரல், மே மாதங்களின் வறட்சிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்துக்கும் இடையில் மரக் கழுத்து சிறிது வளையும். தந்திகள் திடீரென்று ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் கருவி கெட்டுப் போயிற்று என்று பயப்பட வேண்டாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை விவரம் அறிந்தவர் கால் சுற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கருவியைச் சுவரோரத் தரையிலோ ஜன்னலருகிலோ வைக்காமல், பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். வாசித்த பின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு பிடிக்காது.

சுருக்கமாகச் சொன்னால், ஐந்தாவது தந்தி உயர்ந்த தகுதிக்கு அடையாளமும் அல்ல, வெறும் ஆடம்பரமும் அல்ல. பாடுபவரின் சுருதியைப் பொறுத்த தேவை. கட்டைகள் குறித்த அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். 'பி' தந்தியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த பொங்கல் விழாவில், ஒலித்தட்டுக்குப் பாடாமல், நம் பிள்ளைகளே வாசிக்க நம் பிள்ளைகளே பாடும் மெல்லிசையைக் கேட்போமாக.