பல்பு, லேசர், குவாண்டம்: சுதர்சன் போட்ட கணக்கு

கீழச்சிவல்பட்டி வளவு வீட்டுல எரியுற குண்டு பல்பும், உங்க கையில இருக்குற லேசர் பாயிண்டரும் தருவது மின்காந்தப் புலம்தான். ஆனா பல்பு ஒளியில் ஃபோட்டான்கள் கொத்துக் கொத்தா வரும். லேசரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வரும். ரெண்டையுமே பழைய அலைக் கணக்கு விளக்கிடும். அப்போ எந்த ஒளிக்கு குவாண்டம் கணக்கு கட்டாயம் வேணும்?

1963-ல் இதுக்கு வழி காட்டியவர் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன். எந்த ஒளியையும் லேசர் மாதிரி நிலைகளின் கலவையா எழுதலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எடை உண்டு. எடைகள் நிகழ்தகவு மாதிரி நடந்துகொண்டால் அலைக் கொள்கையே போதும். எங்கேயாவது எடை நெகட்டிவ் ஆனால் போதாது. 1977-ல் சோடியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியில் இதைப் பார்த்தார்கள்: ஃபோட்டான்கள் இடைவெளி விட்டு வந்தன.

2005 இயற்பியல் நோபலில் பாதி ராய் கிளாபருக்குப் போச்சு. சுதர்சன் பெயர் இல்லை. அவர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். ஆனா பாடப்புத்தகத்தில் அது இன்றும் 'கிளாபர்-சுதர்சன் பி சார்பு'தான். செமினாரில் எழுதும்போது ரெண்டாவது பெயரை விட்டுடாதீங்க.