இறைச்சியின் நிறமும் நுகர்வோர் நலமும்

சிவந்த இறைச்சி புதியது, பழுப்பேறியது பழுதடைந்தது என்றே நாம் பொதுவாகக் கருதுகின்றோம். இக்கருத்து முழுமையானதன்று. இறைச்சிக்கு நிறமளிப்பது தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதமாகும். ஒட்சிசன் சேர்ந்ததும் அது செந்நிறமடைகின்றது. பின்னர் ஒட்சியேற்றமுற்றுப் பழுப்பாகின்றது. எனவே, நிறமாற்றம் மட்டும் பழுதிற்குச் சான்றாகாது. துர்நாற்றமும் பிசுபிசுப்பும் அதனினும் தெளிவான அடையாளங்களாம்.

ஆயின், நோய் விளைக்கும் பற்றீரியாக்கள் இவ்வடையாளங்கள் எவையுமின்றியும் இறைச்சியில் இருத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 1906இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், பரிசோதகர்கள் நெடுங்காலம் கண்ணையும் கையையும் மூக்கையுமே பெரிதும் நம்பியிருந்தனர். 1993இல் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில், சரிவர வேகாத அரைத்த மாட்டிறைச்சியை உண்டமையால், ஈ. கோலை ஓ157 என்னும் பற்றீரியா தொற்றி 700இற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சிறுவர் நால்வர் இறந்தனர்.

அரைத்த இறைச்சி இத்துணைத் தீங்கு விளைத்தது ஏன்? துண்டு இறைச்சியில் பற்றீரியா பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குகின்றது. அரைக்கும்போது உள்ளெங்கும் பரவுகின்றது. ஆகவே, அதன் உட்பகுதி 71 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டும்வரை சமைத்தல் வேண்டும்.

அவ்விறப்புகளின் பின்னரே, 1994இல், அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் அப்பற்றீரியா காணப்படின் அது கலப்படப் பொருளாகும் என அறிவிக்கப்பட்டது. 1996இல் வகுக்கப்பட்ட விதிகள் கொல்களங்களில் நுண்ணுயிர்ச் சோதனையைக் கட்டாயமாக்கின.

நுகர்வோர் விழிப்புடன் இருத்தல் நன்றே. எனினும், கண்ணுக்குப் புலப்படாத தீங்கிற்கு அவர்தம் கண்ணைப் பொறுப்பாக்குதல் நியாயமன்று. அப்பொறுப்பு இறைச்சியால் இலாபமீட்டுவோரையும் அவர்களைக் கண்காணிக்கும் அரசையுமே முதற்கண் சாரும்.