வாடகை வராத மாதங்கள்

மக்ரிபு தொழுகைக்குப்பின் பாடம் முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் புறப்படும் நேரம். பெருங்குடியைச் சேர்ந்த முதிய தாயொருவர் மதரஸா வாசலில் காத்திருந்தார். கணவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. வளைகுடாவில் உழைத்து அவர் கட்டிய வீட்டின் மாடிப் பகுதியிலிருந்து வரும் வாடகையே அந்த அம்மையாரின் உணவுக்கும் மருந்துக்கும் ஆதாரம்.

"ஹஜ்ரத், ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. முன்பெல்லாம் 'அடுத்த வாரம் தருகிறேன் அம்மா' என்பார். இப்போது என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார். மாடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டால் தானே காலி செய்துவிடுவார் என்கிறான் மகன். செய்யலாமா?"

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாயின் கண்ணீரைக் கண்ட வேகத்தில், "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவே வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் இதைக் கூறியபோது அவர் திடுக்கிட்டார். "வாடகை தராதது அவருடைய தவறு. தண்ணீரை நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். அந்த வீட்டில் குழந்தைகள் இல்லையா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். மறுநாள் சுப்ஹு முடிந்ததும் விரைந்து சென்று அம்மையாரைத் தடுத்தேன்.

வாய்ச்சொல் போதாத காலம்

பெருங்குடி ஒரு காலத்தில் சென்னைக்கு வெளியே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியிருந்த சிற்றூர். பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, கணினி நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. 2011இல் ஊர் மாநகராட்சியோடு இணைந்தது. முன்பு குடிவருபவர் யாருடைய மகன், யாருடைய மருமகன் என்பது தெருவுக்கே தெரியும். வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்தது. இன்று குடிவருபவர் பல மாநிலங்களுக்கு அப்பாலிருந்து வருகிறார். அவரை நமக்குத் தெரியாது. நம்மை அவருக்கும் தெரியாது. ஆனால் நாமோ இன்றும் வாய்ச்சொல்லை நம்பியே சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்த அம்மையாரிடமும் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் காட்டும் வழி

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் இருப்பதே வீட்டைத் திரும்பப் பெறக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம். வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்னும் பழைய வழக்கத்திலேயே ஊறியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்டு அறிவிப்பு அனுப்பிய ஒரு மாதத்துக்குள்ளும் அது முழுமையாகச் செலுத்தப்படாவிட்டால், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அறிவிப்பின் நகலையும், அது சென்று சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துவது அவசியம். ஆனால் எந்த நிலையிலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால், குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். கதவுக்கு நாமே பூட்டுப் போடுவதும், சாமான்களை வெளியே எடுத்து வைப்பதும் நியாயமான வழக்கையும் கெடுத்துவிடும்.

இயலாதவரும் மனமில்லாதவரும்

வாடகை தராதவர்கள் எல்லாரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். பழைய சட்டமும் இதனை உணர்ந்திருந்தது. 'வேண்டுமென்றே' வாடகை செலுத்தாதவர் என்று ஒரு தனிவகையை அது வைத்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குகளில் 1985இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், விளைவை அறிந்தும் மனமறிய, திட்டமிட்டுத் தவறுவதே 'வேண்டுமென்றே' என்பதன் பொருள் என விளக்கியது.

நமக்கு இது புதிதன்று. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அநீதி என்றே கண்டித்துள்ளார்கள். 280ஆம் வசனத்துக்குச் சற்றுப்பின் வருவதே குர்ஆனின் மிக நீண்ட வசனம். தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் அது கட்டளையிடுகிறது. இரக்கமும் எழுத்தும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதை நாம் சிந்திக்க வேண்டாமா?

கதவு திறந்தபோது

நானும் பள்ளிவாசல் பெரியவர் ஒருவரும் மாடிக்குச் சென்று அமைதியாகப் பேசினோம். நெடுநேரம் மௌனமாயிருந்த அந்த இளைஞர், வேலை போய் ஆறு மாதமாகிறது என்றார். மனைவியிடம்கூடச் சொல்லாமல் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்வந்திருக்கிறார். அவர் கதவைச் சாத்திக்கொண்டது திமிரால் அன்று, வெட்கத்தால்!

இரண்டு மாதத்தில் காலி செய்வது. முன்பணத்தில் கழித்ததுபோக எஞ்சியதைத் தவணைகளாகத் தருவது. இவ்வாறு எழுதி, இரு சாட்சிகளுடன் இரு தரப்பாரும் கையொப்பமிட்டனர். சொன்ன நாளில் அவர் காலி செய்தார். தவணைகளும் வந்தன, கடைசித் தவணை மட்டும் இன்னும் வரவில்லை. "வரும் ஹஜ்ரத், இன்ஷா அல்லாஹ். வராவிட்டாலும் அந்தக் குழந்தைகளின் தண்ணீரை நான் நிறுத்தவில்லை, அது போதும்" என்கிறார் அம்மையார்.

ஆனால் அடுத்த குடித்தனக்காரருக்குச் சாவியைத் தருமுன் அவர் ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்துவிட்டார். வாடகைத் தொகை, செலுத்த வேண்டிய தேதி, முன்பணம், காலி செய்ய முன்னறிவிப்புக் காலம், மின்மீட்டரின் அன்றைய அளவு, எந்தப் பழுதை யார் பார்ப்பது என அனைத்தும் அதில் உள்ளன. மாதந்தோறும் ரசீதும் தருகிறார்.

வீட்டை வாடகைக்கு விடும் சகோதர, சகோதரிகளே! சாவியைக் கொடுக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள். வாடகை தவறினால் முதலில் கதவைத் தட்டிக் காரணம் கேளுங்கள். இயலாதவருக்கு அவகாசம் கொடுங்கள். மனமில்லாதவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். குழாயில் மட்டும் கைவைக்காதீர்கள்.