கால் போன போக்கில் கம்ப்யூட்டர்!

ஒரே ஒரு ஷூவின் சோலுக்காக 50 லட்சம் வடிவங்களைக் கம்ப்யூட்டர் அலசிப் பார்த்து, அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தது தெரியுமா? 2021-இல் அடிடாஸ் வெளியிட்ட ‘4டி ஃபார்வர்டு’ என்ற ஓட்டக் காலணியின் கதை இது. அதன் நடுச்சோல் முழுக்க ஓட்டை ஓட்டையான வலைக்கூடு. சாதாரண சோல், மேலிருந்து இறங்கும் பாரத்தை வாங்கிக்கொண்டு நேர் கீழே அமுங்கும். இந்தக் கூடு அமுங்கும்போதே முன்பக்கமாகச் சாய்ந்து, காலையும் முன்னே தள்ளிவிடுகிறது! எந்தக் கண்ணியை எவ்வளவு வளைத்தால் இந்தச் சாய்வு வரும் என்று ஒரு மனிதர் வரைந்து, வார்த்து, ஓடிப் பார்த்தே தேடியிருந்தால், ஷூ அவருடைய பேரன் காலத்தில்தான் கடைக்கு வந்திருக்கும்.

அந்தக் கூட்டை எப்படி வார்க்கிறார்கள் என்பது இன்னும் பெரிய வேடிக்கை. சாதாரண அச்சில் ஊற்றினால் வெளியே எடுக்கவே முடியாது, உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் கலிஃபோர்னியாவின் கார்பன் நிறுவனம் ஒரு தொட்டியில் திரவப் பிசினை ஊற்றி, கீழிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒளி பட்ட இடம் இறுகும். தொட்டியின் அடித்தளம் வழியாக ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள மெல்லிய படலத்தில் மட்டும் பிசின் இறுகாது. ஆகவே உருவம் அடியில் ஒட்டிக்கொள்ளாமல், இழுக்க இழுக்கத் திரவத்திலிருந்து எழுந்து வருகிறது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1991-இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் உலோகக் குழம்பிலிருந்து வில்லன் எழுந்து நிற்பானே, அந்தக் காட்சியிலிருந்து! சொன்னவர் அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய வேதியியலாளர் ஜோசப் டிசிமோனேதான்.

தைக்காமல், ஒட்டாமல், வெட்டாமல் ஷூவின் மேல்பாகம் முழுவதையும் மூன்றே நிமிடத்தில் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியது ஸ்விட்சர்லாந்தின் ஆன் நிறுவனம். ரோபோ கை ஒன்று கால் வடிவக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சுழற்றுகிறது; எதிரே உள்ள குழாய் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீள இழையை உருக்கி, இடியாப்பம் பிழிகிற மாதிரி அதன்மேல் பீய்ச்சுகிறது. மேல்பாகத்தின் எடை ஏறக்குறைய 30 கிராம். லேஸ் கிடையாது. ‘இதையெல்லாம் யார் போட்டு ஓடுவார்?’ என்று கேட்டீர்களானால், கென்யாவின் ஹெலன் ஒபிரி போட்டுக்கொண்டு 2024 பாஸ்டன் மாரத்தானை வென்றே விட்டார்! இத்தனைக்கும் இதன் மூல யோசனை ஒரு வடிவமைப்பு மாணவருடையது. கையில் இருந்ததோ சூடான பசை பீய்ச்சும் சாதாரணத் துப்பாக்கி.

மழைக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம்? 2017 பெர்லின் மாரத்தானில் மழை. எலியுட் கிப்சோகே வென்றார். ஆனால் ஷூவின் பின்னல் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது, உள்ளே போன நீர் வெளியேறவில்லை. அவர் அதைச் சொன்னதும் நைக்கி ஆட்கள் அவருடைய ஓட்டத் தரவுகளைக் கணினியில் ஏற்றி, எங்கே இழை நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று கணக்குப் போட்டு, துணியையே 3டி பிரிண்டரில் அச்சிட்டார்கள். 2018 ஏப்ரலில் லண்டனில் அதை அணிந்து மறுபடியும் வென்றார். பழைய ஷூவைவிட 11 கிராம் குறைவு. 42 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 11 கிராம் என்பது எத்தனை ஆயிரம் தடவை தூக்கி வைக்கிற 11 கிராம் என்று நினைத்துப் பாருங்கள்!

இனி எல்லோரும் கேட்கும் சமாச்சாரத்துக்கு வருவோம்: ஏஐ ஷூ வரைகிறதாமே? வரைகிறது. 2024 ஏப்ரலில் பாரிஸில் நைக்கி 13 வீரர்களுக்காக 13 விசித்திரக் காலணிகளைக் காட்சிக்கு வைத்தது. கால்பந்து வீரர் எம்பாப்பே, கூடைப்பந்து வீரர் வெம்பன்யாமா போன்றவர்கள் தங்கள் கனவைச் சொல்ல, ஏஐ படங்களை அள்ளிக் கொட்ட, வடிவமைப்பாளர்கள் அவற்றிலிருந்து பொறுக்கிச் செதுக்கி அச்சிட்டார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையிலேயே ஆகக் குறைந்த அதிசயம் இதுதான். படம் போடுவது சுலபம். அப்படி வரும் ஷூ படம் ஒன்றை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் ஐந்து லேஸ் துளை, மறுபக்கம் ஆறு, தையல் ஓடி வந்து எங்கேயோ மறைந்துவிடும், சோல் வளைந்திருக்கும் அழகில் எந்த அச்சிலிருந்தும் கழன்று வராது. ஷூ என்பது ‘லாஸ்ட்’ எனப்படும் கால் வடிவக் கட்டையின்மேல் இழுத்துப் பூட்ட வேண்டிய பொருள். படத்துக்கு லாஸ்ட் தேவையில்லை, காலுக்குத் தேவை. அதனால்தான் ஏஐ படத்துக்குப் பிறகும் ஒரு பேட்டர்ன் மாஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அதைவிடச் சத்தமில்லாத அதிசயம் வெட்டும் பிரிவில் இருக்கிறது. தொழிலில் ‘கிளிக்கிங்’ என்பார்கள். ஒரு தோலை விரித்துப் பார்த்தால் முள் கீறல், பூச்சி கடித்த தழும்பு, கழுத்துப் பக்கச் சுருக்கம் எல்லாம் தெரியும். முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் தொளதொள. ஷூவின் முன்பகுதி முதுகுத் தோலில் விழ வேண்டும், அதுவும் விரலிலிருந்து குதிகால் நோக்கி இழுபடாத திசையில். நாக்கு போன்ற மறைவான துண்டுகளை ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம். இதைக் கையால் தடவியே முடிவு செய்யும் அனுபவசாலிகள் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் இன்றும் உண்டு. இப்போதைய வெட்டு இயந்திரமோ, கேமராவால் தோலைப் படம் பிடித்து, தழும்புகளைக் குறித்து, முடிந்தவரை வீணாகாதபடி நொடியில் துண்டுகளை அடுக்கிக் காட்டுகிறது. ஷூவின் விலையில் தோலுக்குப் பெரிய பங்கு என்பதால், இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு விரற்கடைத் தோலும் பணம்!

அளவெடுக்கிற கதை எல்லாவற்றையும் மிஞ்சும். நீங்கள் ‘8-ஆம் நம்பர்’ என்று கேட்கிறீர்களே, அந்த நம்பர் எதில் அளந்தது தெரியுமா? பார்லி மணியில்! ஓர் அங்குலத்துக்கு மூன்று பார்லி மணி. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி ஒரு மணி, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன இந்தத் தானியக் கணக்கில்தான் 5ஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இன்றும் செருப்பு வாங்குகிறோம்.

காலை ‘ஸ்கேன்’ பண்ணுவது புதிது என்றும் எண்ண வேண்டாம். 1920-களிலிருந்து அமெரிக்க ஷூ கடைகளில் எக்ஸ்-ரே பெட்டி இருந்தது! குழந்தை பெட்டிக்குள் காலை நுழைத்து நிற்கும். மேலே மூன்று பார்வைத் துளைகள், ஒன்று குழந்தைக்கு, ஒன்று பெற்றோருக்கு, ஒன்று விற்பனையாளருக்கு. மூவரும் குனிந்து, ஷூவுக்குள் எலும்புகள் நெளிவதை ரசிப்பார்கள். கதிர்வீச்சின் ஆபத்து உறைத்த பிறகு, 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை போட்டது. இன்று அதே வேலையைப் போன் கேமரா தீங்கில்லாமல் செய்கிறது. நைக்கி 2019-இல் கொண்டுவந்த செயலி பாதத்தில் 13 புள்ளிகளைக் குறித்து அளவு சொன்னது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களுக்கு 3டி ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய், 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது! வடகிழக்கு மக்களின் கால் சிறியது, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு அளவுமுறை, குறைந்தது ஐந்து வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில் நாடு முழுவதற்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது. ‘பாரத்’ என்பதிலிருந்து அதற்கு ‘பா’ என்று பெயர். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை மொத்தம் எட்டுப் பிரிவுகள்.

இன்னொன்றும் தெரியவந்தது: நம்மவர் பாதம் மேலைநாட்டார் பாதத்தைவிட அகலம். கடையில் இருப்பதோ ஒடுங்கிய அளவு. அதனால் அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம்; நீளம் மிஞ்சிப்போகிறது. ஆண்கள் லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறார்கள். பெண்கள் குதி உயர்ந்த செருப்பில் வழுக்கி வழுக்கி நடக்கிறார்கள். ‘இந்த ஷூ கடிக்குது’ என்று சொன்னபோதெல்லாம் ‘போடப் போடச் சரியாயிடும்’ என்று அம்மா சொன்னாரே, சரியாகாததற்குக் காரணம் இதுதான்! பெண்களின் கால் வளர்ச்சி 11 வயதில் உச்சம் தொடுகிறது, ஆண்களுக்கு 15, 16-இல் என்பதும் இதே ஆய்வு சொன்ன சேதி. பள்ளி ஷூவை எப்போது தாராளமாக வாங்க வேண்டும் என்று பெற்றோர் குறித்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் செய்த செருப்பைக் கேள்விப்பட்டீர்களா? 3டி பிரிண்டரில் அச்சான அதன் அடியில் குட்டிக் குட்டி வளைவுகள். ஓர் இடத்தில் அழுத்தம் வரம்பு மீறினால் அங்குள்ள வளைவு சட்டென்று தலைகீழாக மடங்கி, பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். கால் தூக்கினால் பழையபடி நிமிரும். பேட்டரி இல்லை, சிப் இல்லை. புண் வராமல் தடுக்க வலி உணர்வு செய்ய வேண்டிய வேலையை வடிவமே செய்கிறது. எனக்கு இதுதான் முதல் பரிசு.

அசட்டுத்தனத்துக்கும் பரிசு உண்டு! 2021-இல் கணினித் திரைக்கும் ஷூ விற்றது தெரியுமா? டிஜிட்டல் ஷூ, 621 ஜோடி, ஏழே நிமிடத்தில் 31 லட்சம் டாலர். விற்ற ஆர்டிஎஃப்கேடி நிறுவனத்தை அதே ஆண்டு டிசம்பரில் நைக்கி வாங்கியது; 2024 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது.

ரோபோக்கள் ஷூ செய்யும் காலம் வந்தாயிற்று என்று ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் அடிடாஸ் ‘ஸ்பீட்ஃபேக்டரி’ திறந்து பெரிய தாரை தப்பட்டை முழங்கியது. 2019 நவம்பரில், இரண்டையும் மூடிவிட்டுத் தொழில்நுட்பத்தை ஆசியாவுக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். உலகின் ஷூக்களில் பெரும்பகுதி இன்றும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த கைகளில்தான் உருவாகிறது. நம் செய்யாறிலேயே தைவானின் ஃபெங் டே குழுமத் தொழிற்சாலைகளில் நைக்கிக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள்.

கடைசியாக, தானே இறுகும் ஷூ! 1989-இல் ‘பேக் டு த ஃபியூச்சர்’ இரண்டாம் பாகத்தில் பார்த்து வாய் பிளந்ததை, 2019-இல் 350 டாலருக்கு, போன் செயலியோடு, நைக்கி விற்பனைக்கே கொண்டுவந்தது. வந்த சூட்டோடு ஆண்ட்ராய்டு செயலி வழி வந்த அப்டேட் ஒன்று சொதப்ப, பலருக்கு ஷூ போனோடு இணைய மறுத்தது. 2024-இல் செயலியையே விலக்கிக்கொண்டார்கள். நல்லவேளையாக ஷூவின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான் வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் இப்போது குனிந்து அதைத்தான் அமுக்குகிறார்கள்.