உயர் ஆக்டேன் பெட்ரோல் விரைவைக் கூட்டுமா?

விலை மிகுந்த பொருள் ஆற்றலிலும் மிகுந்திருக்கும் என்பது மக்களிடையே வேரூன்றிய எண்ணம். கூடுதல் விலைக்கு விற்கப்படும் உயர் ஆக்டேன் பெட்ரோலைப் பற்றியும் இவ்வெண்ணமே நிலவுகின்றது. அதனை ஊற்றினால் எந்த வண்டியும் பந்தயக் களத்தில் சீறிப் பாயும் என இளைஞர் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையின் உண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்டேன் எண்

ஆக்டேன் என்னும் பெயர் எட்டு என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மம் என்பது இதன் பொருள். 1926ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலார் கிரஹாம் எட்கர் இவ்வளவுகோலை வகுத்தார். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என மதிப்பு அளிக்கப்பட்டது. 91 எண்ணுள்ள பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல் சோதனை எந்திரத்தில் அது நடந்துகொள்கிறது என்பதே பொருள்.

எண் அளப்பது எதனை?

எந்திரத்தின் உருளையில் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படுகின்றன. தீப்பொறி பட்டதும் சுடர் சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். வெப்பமும் அழுத்தமும் மிகுந்தால், சுடர் வந்தடையுமுன்பே எஞ்சிய கலவை தானே பற்றிக்கொள்ளும். அப்போது எழும் உலோக ஒலியையே ‘நாக்கிங்’ என்பர். நீடித்தால் அது பிஸ்டனையே சிதைத்துவிடும். இதனைத் தாங்கும் திறனையே ஆக்டேன் எண் அளக்கின்றது. எரிபொருளில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றலை அன்று. எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலினும் உயர்ந்தது. ஆயினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல், அதே அளவு பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே.

பயன் எங்கே?

அழுத்தம் மிகுந்த எந்திரம் எரிபொருளிலிருந்து மிகுந்த வேலையைப் பெறுகின்றது. அவ்வழுத்தத்தைத் தாங்கவே உயர் ஆக்டேன் வேண்டும். 1940இல் பிரிட்டானிய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் 87க்கு மாற்றாக 100 ஆக்டேன் எரிபொருளைப் பயன்படுத்தின. அவற்றின் மெர்லின் எந்திரத்துக்குக் காற்றைச் செலுத்தும் மிகையழுத்தம், சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்தப்பட்டது. எரிபொருள் இடமளித்தது, ஆற்றலைப் பெருக்கியது அழுத்தமே.

இக்காலக் கார்கள் பலவற்றில் நாக்கிங்கை உணரும் கருவி உண்டு. பந்தயக் களத்தின் இடைவிடாத விரைவில் எந்திரம் கடுமையாகச் சூடேறும். அப்போது நாக்கிங் தோன்றினால், கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். எந்திரம் பிழைக்கும், ஆற்றல் குறையும். உயர் ஆக்டேனுக்கென அமைக்கப்பட்ட, குறிப்பாக டர்போ பொருத்திய கார்களில், தக்க பெட்ரோல் இவ்விழப்பைத் தடுக்கும். 91 ஆக்டேனுக்கென அமைந்த எளிய காருக்கோ, 100 ஆக்டேன் ஊற்றினும் குறிப்பிடத்தக்க பயன் கிட்டாது. மாறாக, உயர் எண் வேண்டும் எந்திரத்துக்குத் தாழ்ந்த எண்ணுடையதை ஊற்றுவது கேடு பயக்கும்.

எனவே, உற்பத்தியாளர் தரும் கையேடு கூறும் எண்ணை அறிந்து அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றுவதே அறிவுடைமை. அதற்கு மேற்பட்ட செலவு வீண்விரயமாகும். வீண்விரயம் தவிர்த்தல் நம் மார்க்கம் வலியுறுத்தும் நெறியன்றோ! பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருளைச் செலவிடும் மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்வார்களாக.