கைக்கு ஒரு வீட்டுப்பாடம்

பெரிய ரத்தக்குழாய் அடைபடும் பக்கவாதத்தில், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்தவை திரும்புவதில்லை. ஆனாலும் துவண்டு கிடந்த கை, சில மாதங்களில் டம்ளரைப் பிடித்துத் தூக்குகிறது. எப்படி?

மூளையில் பக்கத்து இடம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு 1996-இல் இதை அணில் குரங்குகளிடம் கண்டது. கையை இயக்கும் மூளைப்பகுதியில் சிறு சேதத்தை உண்டாக்கி, குட்டிக் குழிகளிலிருந்து தீனியை எடுக்க அவற்றைப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளிடம் கைக்கான மிச்சப் பகுதி அழியாமல் நின்றது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் அது பரவியிருந்தது! பழக்காத குரங்குகளிடமோ, சேதமடையாத பகுதியும் சுருங்கியது. பயன்பாட்டுக்கு ஏற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் மூளையின் இந்த இயல்பே நரம்பு நெகிழ்தன்மை.

ஆனால் அது மலிவாகக் கிடைப்பதில்லை. இத்தகைய விலங்காய்வுகளில் ஒரே அசைவு நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்யப்பட்டது. மனிதர்களுக்கு எத்தனை முறை வாய்க்கிறது? மறுவாழ்வு நிலையங்களில் கேத்தரின் லாங் குழுவினர் உட்கார்ந்து எண்ணி, 2009-இல் வெளியிட்டார்கள். கைக்குப் பயிற்சி தந்த ஒரு சிகிச்சை அமர்வில், பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32. ஒரு வேளைச் சோற்றுக்குக் கை வாய்க்குப் போய்வருவதே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்.

மீதியை யார் செய்வது? நோயாளிதான். கனடாவின் வான்கூவரில் ஜானிஸ் எங் குழுவினர் உருவாக்கிய 'கிராஸ்ப்' திட்டம் இப்படிப் பிறந்தது. கையின் பலத்தைப் பொறுத்து மூன்று நிலைகள். சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றாடப் பொருள்களை வைத்துக்கொண்டு நோயாளி தானே பயில்வார், முடிந்தால் வீட்டார் துணையோடு. 2009-இல் வெளியான ஆய்வில் 103 பேர் பங்கேற்றார்கள். நான்கு வாரம் இப்படிப் பயின்றவர்களின் கை, மற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது.

இதில் உடல் செய்யும் தந்திரம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசை மேல் விரித்த துண்டை முன்னால் தள்ளச் சொன்னால், கை நீளாமல் முதுகு முன்னால் சாயும். தோள் காதை நோக்கி ஏறும். துண்டு நகர்ந்துவிடும். முழங்கை நீண்டிருக்காது. மூளை இந்தக் குறுக்குவழியையே கற்றுக்கொண்டுவிடும். எண்ணிக்கையைவிட முதலில் தோளைப் பாருங்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் சொல்வேன்.

முதல் நாளிலேயே முழுமூச்சாக இறங்கிவிடவும் கூடாது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளைத் தீவிரமாக எழுப்பி நடமாடவைத்துப் பார்த்த 'அவெர்ட்' ஆய்வில், மொத்தம் 2,104 பேர் பங்கேற்றார்கள். அப்படி எழுப்பப்பட்டவர்களில் மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டியவர்களின் விகிதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் இருந்ததைவிடக் குறைவு. தொடங்கும் நாளை மருத்துவர் குறிக்கட்டும்.

கை ஓரளவு தேறியபின் துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டச் சொல்வார்கள். கிளிப்பை அழுத்துவதைவிட, மாட்டியபின் விடுவதுதான் பலருக்குக் கடினம். பக்கவாதத்துக்குப் பின் விரலை மடக்கும் தசைகள் இறுகிப்போகின்றன. விரிக்கும் தசைகளுக்குப் பலம் போதுவதில்லை. கிளிப்பை விட்டுவிட்டுக் கை தானாக விலகுகிறதா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த பயிற்சியைத் தருவார்கள்.