தேநீர்க் கெண்டியில் தெய்வங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மவுண்ட் ரோட்டு பி.ஆர். அண்ட் சன்ஸ் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவற்றில் ஒன்று ‘சுவாமி’ வெள்ளிச் சாமான். கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் என்று வடிவமெல்லாம் இங்கிலாந்துச் சாப்பாட்டு மேசைக்குரியவை. ஆனால் கெண்டியின் வயிற்றைச் சுற்றி, வளைவு வைத்த மாடங்களில், வாகனமேறிய தெய்வங்கள் வரிசையாக எழுந்தருளியிருக்கும். சில கெண்டிகளில் பிடியே நாகமாக நெளியும். பிடி உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய தந்த வில்லை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். வெள்ளி சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், ஊற்றுகிறவர் கை சுடக் கூடாதல்லவா? இன்று இவை ஏலத்துக்கு வந்தால் ஆங்கிலேயக் கம்பெனியின் படைப்பாகவே பட்டியலில் ஏறுகின்றன. அடியில் இருக்கும் கம்பெனி முத்திரையே அதற்குச் சான்று. என் கணக்கில் இவை தமிழ்நாட்டுப் பத்தர்களின் கைவேலை வரலாற்றில் சேர வேண்டியவை.

முதலில் அந்த முத்திரையின் பெறுமதியைப் பார்ப்போம். இங்கிலாந்தில் வெள்ளிப் பாத்திரத்தை அதற்கென்று இருந்த அலுவலகம் உரசிச் சோதித்து முத்திரை குத்தும். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. விற்றவரே தம் பெயரைக் குத்திக்கொண்டார். வெள்ளிக்கும் பெரும்பாலும் ரூபாய்க் காசைத்தான் உருக்கினார்கள். 1835க்குப் பிந்தைய ரூபாய் ஒரு தோலா எடை, அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. அதனால் எடைக்கு எடை காசு, அதன்மேல் செய்கூலி என்று விலை போடுவது எளிதாயிற்று. அந்தக் கூலிக்கு உளி பிடித்தவர் பெயர் அடிப்பக்கத்தில் கிடையாது. கச்சு மன்னரின் ஊரான புஜ்ஜில் உமர்சி மாவ்ஜி ‘ஓ.எம்.’ என்று தம் எழுத்தையே பொறித்தார். ஆனால் அவர் விதிவிலக்கு.

கம்பெனிதானே வடிவம் கொடுத்தது, தொழிலாளி சொன்னதைத்தானே செய்தார் என்று கேட்கலாம். பாதி உண்மை. கெண்டியின் அளவையும் வளைவையும் வாங்குபவர் தீர்மானித்தார். மீதியையும் அவரே தீர்மானித்திருந்தால் இந்தியா முழுக்க ஒரே மாதிரி கெண்டிதான் வந்திருக்கும். வந்ததோ ஊருக்கு ஒரு கெண்டி. கச்சில் இம்மி இடம் விடாமல் சுருளும் கொடியும் இலையும், இடையிடையே வேட்டை மிருகங்களும். காஷ்மீரில் சால்வையின் கொடிகளும் சினார் இலையும். கல்கத்தாவில் பனைமரம், குடிசை, ஏர் மாடு. சென்னையில் சுவாமி. எல்லா இடத்திலும் வாடிக்கையாளர் ஒரே ஆங்கிலேயர்தான், மாறியது பட்டறை. வெள்ளித் தகட்டை அரக்கின் மேல் வைத்து உளியால் புடைத்தெடுக்கிற கைக்கு அந்த ஊர்க் கோபுரமும் தேரும் பழகியிருந்தன. தெய்வத்தின் கையில் சங்கு எங்கே, சக்கரம் எங்கே என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இடம் மாறியிருந்தாலும் அவர் பணம் கொடுத்திருப்பார். சரியாக வைப்பதற்கு உள்ளிருந்த பழக்கம் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இது கலப்படக் கலை, ஊர் ரசனை கெட்டதன் அடையாளம். 1880இல் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி விரிவாக எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட்டுக்கும் ஐரோப்பியச் சாயல் கலப்பது பிடிக்கவில்லை. சந்தைக்காகச் செய்த மட்டமான வேலையும் அந்தக் காலத்தில் நிறையவே வந்தது. சில சுவாமி சாமான்களில் உருவங்கள் நெரிசலில் மூச்சு முட்டுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நியக் கோரிக்கைக்குச் செய்ததெல்லாம் அந்நியக் கலை என்றால் தஞ்சாவூரின் மராட்டிய அரசவைக்குச் செய்ததையும் கணக்கிலிருந்து தள்ள வேண்டிவரும். யாரும் அதற்குத் துணிவதில்லை. ஆகவே அருங்காட்சியகச் சீட்டிலும் ஏலப் பட்டியலிலும் கம்பெனியை விற்பனையாளர் என்றும், செய்தவரைப் பெயர் பதிவாகாத சென்னைப் பத்தர் என்றும் தனித்தனியாக எழுதலாம். இரண்டு வரி போதும்.